காட்டுமன்னார்கோயில் பூச்சிமருந்துப் பெட்டக ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிருக்கு அடிக்கும் மருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் ஒரு கட்டடத்தில் பூட்டி வைத்தால் தற்கொலை குறையுமா? கடலூர் மாவட்டத்தில் இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வைப் பற்றி விவசாயிகளும் ஊராட்சிக்காரர்களும் செவிலியர்களும் மருத்துவ மாணவர்களும் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

உங்களைப் பற்றியோ வீட்டில் ஒருவரைப் பற்றியோ பயத்தோடு இதைப் படிக்கிறீர்கள் என்றால் மற்றதெல்லாம் அப்புறம். 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மருந்து உள்ளே போய்விட்டது என்றால் உடனே 108.

யார் செய்த ஆய்வு? எப்படிச் செய்தார்கள்?

சென்னையைச் சேர்ந்த மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தலைமையில் நடந்தது. தற்கொலைத் தடுப்புக்காக 1986-ல் சென்னையில் 'சிநேகா' அமைப்பைத் தொடங்கியவர் அவர். காட்டுமன்னார்கோயில் பகுதியில் நான்கு கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கிராமங்களில் ஊர் மக்களோடு சேர்ந்து பொதுச் சேமிப்பகம் கட்டி, உள்ளே பூட்டுப் போட்ட பெட்டிகள் வைத்தார்கள். வங்கி லாக்கர் மாதிரி, மருந்து அவரவருடையது, இடம் மட்டும் பொது. மற்ற இரண்டு கிராமங்களில் எதுவும் கட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டார்கள். தொடக்கத்தில் ஒரு கணக்கெடுப்பு, 18 மாதம் கழித்து இன்னொன்று. தற்கொலை இறப்பு, முயற்சி இரண்டையும் நான்கு ஊர்களிலும் எண்ணினார்கள். முடிவுகள் 2013-ல் வெளிவந்தன.

மனநல மருத்துவருக்கு மருந்துக் கிடங்கில் என்ன வேலை?

தற்கொலைத் தடுப்பு என்றால் ஆலோசனையும் மாத்திரையும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவை தேவை, சந்தேகமே இல்லை. ஆனால் கிராமத்தில் ஒருவர் மனநல மருத்துவரிடம் வந்து சேர்வதற்குள் பல மாதம், பல வருடம் ஓடிவிடுகிறது. பலர் வருவதே இல்லை. வராதவரையும் காப்பாற்ற என்ன வழி என்று தேடியதில் கிடைத்த விடைகளில் ஒன்றுதான் இது. உயிரை எடுக்கக்கூடிய பொருளுக்கும் மனம் உடைந்திருக்கும் ஆளுக்கும் நடுவே தூரத்தையும் நேரத்தையும் வைப்பது.

காட்டுமன்னார்கோயில் பக்கம் பூச்சாகுபடி உண்டு. நெல்லுக்குப் பருவத்தில் சில தடவை மருந்தடித்தால் முடிந்தது. பூவுக்கு அப்படி இல்லை, வருடம் முழுக்க அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் பாதி தீர்ந்த பாட்டில் எந்நேரமும் வீட்டில் கிடக்கும். எரவாணத்தில் செருகியிருக்கும், கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கும், மாட்டுக்கொட்டகைச் சுவரில் பையில் தொங்கும். வீட்டில் அத்தனை பேருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

முடிவெடுத்துவிட்டவரைப் பூட்டு தடுத்துவிடுமா? வேறு வழி தேட மாட்டாரா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட.

'முடிவெடுத்துவிட்டவர்' என்று நாம் சொல்லும்போது பல நாள் யோசித்துத் திட்டம் போட்டவரை நினைக்கிறோம். இலங்கைக் கிராமப்புறத்தில் நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த எண்ணம் வந்து 30 நிமிடத்துக்குள் குடித்திருந்தார்கள். எதைக் குடித்தார்கள் என்பதையும் பெரும்பாலும் கைக்கெட்டிய பொருளே தீர்மானித்திருக்கிறது. கணவன் மனைவி சண்டை, மதிப்பெண் குறைந்ததற்கு வாங்கிய திட்டு, கடன்காரன் வாசலில் நின்று கத்தியது என்று அந்த நேரத்துக் கொதிப்பில் கை எங்கே போகிறதோ அதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. அரை மணி நேரம் தள்ளிப்போனால் பக்கத்து வீட்டு அக்கா வந்துவிடுவார், குழந்தை அழும், கோபம் இறங்கும். அப்படித் தப்பியவர்களில் பெரும்பாலோர் பிற்பாடும் தற்கொலையால் இறப்பதில்லை.

எல்லோரையும் தடுக்காது. நீண்ட நாள் மனச்சோர்வில் இருந்து திட்டமிடுபவருக்குச் சிகிச்சையும் கூடவே இருக்கும் ஆளும் வேண்டும். பூட்டு அதற்கு மாற்று ஆகாது.

முடிவு என்ன வந்தது? எவ்வளவு நம்பலாம்?

மருந்தடிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை பெட்டியை ஏற்றுக்கொண்டு பயன்படுத்தின. 'எங்க மருந்தை எதுக்கு ஊர்ல கொண்டு போய் வைக்கணும்' என்று மக்கள் மறுத்துவிடுவார்கள் என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது. இறப்பும் முயற்சியும் சேர்ந்த எண்ணிக்கையில் முன்னுக்கும் பின்னுக்கும் ஏற்பட்ட மாற்றத்தைப் பார்த்தால், பெட்டகம் வைத்த ஊர்களுக்குச் சாதகமாக, வைக்காத ஊர்களோடு புள்ளியியல்படி வேறுபாடு தெரிந்தது.

ஆனால் இதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வாளர்களே அப்படிச் சொல்லவில்லை; 'சாத்தியமா என்று பார்க்கும் ஆய்வு' என்றுதான் பெயரிட்டார்கள், வேறு பகுதிகளில் பெரிய அளவில் திரும்பச் செய்ய வேண்டும் என்று எழுதினார்கள். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி லட்சம் பேருக்குத் தற்கொலை இறப்பு தமிழ்நாட்டில் 25.9, புதுச்சேரியில் 29.7, நாடு முழுவதும் 12.4. தமிழ்நாட்டு விகிதத்தை 4,000 பேர் உள்ள ஊருக்குப் பொருத்தினால் வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்று. அந்த ஒன்று அடுத்த வருடம் மூன்றாகலாம், இல்லாமலும் போகலாம். அதற்குப் பெட்டகம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. காவல்துறைக் கணக்கில் 'வயிற்றுவலி', 'தவறுதலாகக் குடித்தது' என்று மறைந்துபோவதும் உண்டு. அதனால்தான் வீடு வீடாகப் போய்க் கேட்டதும், முயற்சிகளையும் சேர்த்து எண்ணியதும் அவசியமாயின. ஊர்களை குலுக்கல் முறையில் பிரித்து, நூற்றுக்கணக்கான ஊர்களில் செய்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

வீட்டிலேயே ஒரு பெட்டி வாங்கிப் பூட்டினால் போதாதா?

அதைத்தான் இலங்கையில் மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 180 கிராமங்கள், 53,382 வீடுகள். பாதி ஊர்களுக்கு வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். மூன்று ஆண்டு பார்த்ததில் நஞ்சருந்தல் குறையவில்லை. 2017-ல் வெளிவந்த முடிவு இது.

பெட்டியும் வீட்டில், சாவியும் வீட்டில் என்றால் கைக்கெட்டும் தூரம் அப்படியேதான் இருக்கிறது. சாவி காலண்டர் ஆணியில் தொங்கும். இல்லாவிட்டால் 'நாளைக்கும் அடிக்கணுமே' என்று பூட்டாமலே விட்டுவிடுவார்கள். பொதுப் பெட்டகத்தின் பலம் பூட்டைவிடத் தூரத்திலும், நடுவில் நிற்கும் இன்னொரு மனிதரிடமும்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. சிறு குழந்தைகள் தெரியாமல் குடித்துவிடாமல் இருக்க வீட்டுப் பெட்டி உதவும். அந்த அளவில் அது நல்லதே.

எங்கள் ஊராட்சியில் வைக்க வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது?

கட்டடத்திலிருந்து தொடங்காதீர்கள், கணக்கிலிருந்து தொடங்குங்கள். மருந்தடிக்கும் குடும்பங்கள் எத்தனை, என்ன பயிர், எந்தெந்த நேரத்தில் அடிக்கிறார்கள், இப்போது எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரு வாரியாக எழுதுங்கள். மகளிர் சுய உதவிக் குழு வழியாகக் கேட்டால் உண்மை வரும். எரவாணத்தில் இருப்பதை ஆண்கள் 'கொல்லையில இருக்கு' என்பார்கள். பெண்களுக்கு இடம் சரியாகத் தெரியும். குடும்ப எண்ணிக்கையோடு பத்தில் ஒரு பங்கு கூட்டிப் பெட்டி செய்யுங்கள். குத்தகைக்கு எடுப்பவர்கள் நடுவில் வந்து கேட்பார்கள்.

இடம் குடியிருப்பைத் தாண்டி, வயலுக்குப் போகும் வழியில் இருக்க வேண்டும். வழியில் இல்லாவிட்டால் யாரும் திருப்பி வைக்க வரமாட்டார்கள். பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்த் தொட்டி, கிணறு, வாய்க்கால் பக்கம் கூடாது. கொள்ளிடமும் வீராணமும் வெள்ளம் காட்டும் பகுதியில், முந்தைய வெள்ளத் தண்ணீர் ஏறிய மட்டத்தை ஊரில் கேட்டு அதற்கு மேல் தரை எழுப்புங்கள். வெள்ளத்தில் பெட்டி மூழ்கினால் நஞ்சு குடிதண்ணீரில் கலக்கும்.

தகரக் கூரை வேண்டாம். கத்திரி வெயிலில் உள்ளே அடுப்பாகிவிடும், புட்டிகள் உப்பும், ஆவி நிறையும். கான்கிரீட் கூரை, மேலேயும் கீழேயும் வலையடித்த காற்றுப் போக்கிகள், சிந்தினால் வெளியே ஓடாமல் வாசலில் சிறு மேடு வைத்த சிமெண்டுத் தரை. சிந்தியதை அள்ள ஒரு வாளி மணல். வெளியே குழாயும் சோப்பும். பெட்டி ஒரு லிட்டர் புட்டி நிமிர்ந்து நிற்கும் உயரமாவது இருக்கட்டும். படுக்க வைத்தால் மூடி வழியாகக் கசியும். ஸ்பிரேயர் இதில் நுழையாது, அதற்குத் தனி இடம் விடுங்கள்.

சொந்தக் கட்டடத்துக்கு வழியில்லையென்றால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் காலி அறையைக் கேட்டுப் பாருங்கள். உரமூட்டை இருக்கும் அறையே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பொறுப்பாளர். ஊருக்குள் மரியாதை உள்ளவர், குடிக்காதவர், பேசத் தெரிந்தவர், எந்தத் தெருக்காரரும் கூச்சமில்லாமல் அணுகக்கூடியவர். ஒருவர் போதாது, மாற்றாள் ஒருவராவது வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுங்கள். சேவை மனப்பான்மையை நம்பினால் சில மாதத்தில் கதவு பூட்டியே கிடக்கும். அதிகாலையிலும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும் மருந்தடிக்கும் ஊரில் 10 மணி முதல் 5 மணி வரை திறந்து வைத்துப் பயனில்லை. இரவில் கண்டிப்பாகத் திறக்கக் கூடாது.

பதிவேட்டில் பெட்டி எண், எடுத்த நேரம், திருப்பி வைத்த நேரம் மட்டும் போதும். என்ன மருந்து, எவ்வளவு என்று கேட்டால் 'யூனியன்ல சொல்லிடுவாங்களோ' என்று ஒதுங்கிவிடுவார்கள்.

பெட்டியின் சொந்தக்காரரே தவறான எண்ணத்தோடு வந்தால்?

பொறுப்பாளருக்குப் பயிற்சி கொடுப்பதே இதற்காகத்தான். ஸ்பிரேயர் இல்லாமல் வந்து மருந்து மட்டும் கேட்பது, அடிக்கிற நேரமல்லாத நேரத்தில் வருவது, குடித்திருப்பது, வழக்கமாகப் பேசுபவர் முகம் கொடுக்காமல் நிற்பது ஆகியவை நின்று கவனிக்க வேண்டிய அடையாளங்கள். 'என்னண்ணே, இந்நேரத்துல? வயல்ல யார் இருக்காங்க? வாங்க, உட்காருங்க' என்று தொடங்கலாம். சந்தேகம் வலுத்தால் சாவி தொலைந்ததாகப் பொய் சொல்ல வேண்டாம். 'இப்ப உங்களைத் தனியா விட எனக்கு மனசில்ல, காலையில நானே எடுத்துத் தரேன்' என்று நேராகச் சொல்லி, வீட்டுக்கு ஆள் அனுப்பி, 14416-ஐ அவர் முன்னாலேயே அழைக்கலாம்.

குடும்பத்தில் மருந்தடிக்காதவர்களுக்குத்தான் பெட்டகத்தால் பெரிய பாதுகாப்பு. மனைவி, மகள், பிளஸ் டூ படிக்கும் பையன், தாத்தா ஆகியோரிடம் சாவி இருக்காது.

எங்கே சறுக்குகிறது?

பெரும்பாலும் மிச்சத்தில். முழுப் புட்டி பெட்டிக்குப் போய்விடும். அடியில் கொஞ்சம் மிஞ்சியது 'நாளைக்குத்தானே' என்று வீட்டுக்கு வந்துவிடும். கடையில் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கும் பழக்கம் இதைப் பாதி தீர்க்கும். காலிப் புட்டியை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, புட்டியில் துளை போட்டுவிட வேண்டும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் அதை எடுத்து வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

அடுத்தது அவப்பெயர். 'தற்கொலைத் தடுப்புக் கூடம்' என்று பலகை எழுதினால் யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். 'பூச்சிமருந்துப் பாதுகாப்பகம்' என்று எழுதுங்கள்.

ஒருவர் குடித்துவிட்டார். முதல் சில நிமிடம் என்ன செய்வது?

108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், சோப்புத் தண்ணீர், பால், முட்டை எதுவும் கொடுக்கக் கூடாது. நுரையீரலுக்குள் போனால் அதுவே உயிரை வாங்கும். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கழுவுபவர் கையில் பிளாஸ்டிக் உறையாவது மாட்டிக்கொள்ளட்டும், தோல் வழியாகவும் நஞ்சு ஏறும். மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தலாம், வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம். புட்டியை ஒரு உறையில் கட்டி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் சிகிச்சையைச் சரியாகத் தொடங்க முடியும்.

வென்டிலேட்டர் வசதி உள்ள இடம் தேவைப்படும். சிதம்பரத்தில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. ஆனால் ஆள் மயங்கிக்கொண்டிருந்தால் பக்கத்து அரசு மருத்துவமனையில் மூச்சுப்பாதையைச் சரிசெய்து, முதல் மருந்து கொடுத்த பிறகு மாற்றுவது நல்லது.

இன்னொன்று, குடும்பங்கள் அடிக்கடி தவறும் இடம். சில வகைப் பூச்சிமருந்தில் முதல் நாள் தேறிவிட்டது போல இருக்கும். 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துவிடக்கூடும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்பது அதன் முதல் அறிகுறி. 'நல்லாத்தான் பேசுறான்' என்று கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிடாதீர்கள்.

போலீஸ் கேஸ் ஆகுமா?

அந்தப் பயத்தால் தாமதிக்கவே வேண்டாம். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன் 115-வது பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கும், ஒருவர் வந்து வாக்குமூலம் எழுதுவார். அது நடைமுறை, குற்றச்சாட்டு அல்ல.

பிழைத்து வீடு திரும்பியவருக்கு என்ன செய்வது?

திரும்பிய பிறகு வரும் வாரங்கள்தான் ஆபத்தானவை. அப்போதுதான் எல்லோரும் விலகிப்போகிறார்கள். இதற்கும் ஒரு ஆய்வு உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் 1,867 பேரிடம் நடத்தியது, அதில் ஒரு மையம் சென்னை. லட்சுமி விஜயகுமார் அதிலும் பங்கெடுத்தார். வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை தொடர்புகொள்வது. அவ்வளவுதான் சிகிச்சை. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், தொடர்பில் இருந்தவர்களில் 0.2 சதவீதம். பிறகு வேறு இடங்களில் நடந்த எல்லா ஆய்வுகளிலும் இந்த அளவு பலன் வரவில்லை. இருந்தாலும் செலவு இவ்வளவு குறைந்த ஒன்றைச் செய்யாமல் விட எங்களுக்குக் காரணம் தெரியவில்லை.

அந்த ஒன்பது நாட்களை அப்படியே காலண்டரில் குறித்துக்கொள்ளலாம். 1, 2, 4, 7, 11-வது வாரங்கள், பிறகு 4, 6, 12, 18-வது மாதங்கள். கிராம சுகாதார செவிலியரோ மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரோ போனில் கேட்டாலும் சரி, நேரில் போனாலும் சரி. எப்படி இருக்கிறீர்கள், தூக்கம் வருகிறதா, மாத்திரை இருக்கிறதா, அந்த எண்ணம் திரும்ப வந்ததா என்று கேட்டால் போதும். அறிவுரை வேண்டாம். 'பிள்ளைகளை நினைச்சுப் பார்த்தியா' என்பது அவர் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும்.

நேரடியாகக் கேட்டால் எண்ணத்தை விதைத்ததாகிவிடாதா?

ஆகாது. 'செத்துப்போயிடலாம்னு தோணுதா?' என்று தனியாக, அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலோருக்கு அதுவே பாரம் இறங்கும் நேரம். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், வீட்டிலிருக்கும் மருந்து அத்தனையையும் அன்றே வெளியே கொண்டுபோங்கள், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமோ அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். சிநேகாவின் எண் 044-24640050.

இதைவிட நஞ்சையே தடை செய்தால் என்ன?

அதுதான் மிக வலுவான சான்று உள்ள வழி. இலங்கை மிகக் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது. 1995-ல் லட்சம் பேருக்கு 57 ஆக இருந்த தற்கொலை விகிதம் 2015-ல் 17 ஆக இறங்கியது. அது அரசு கையில் இருக்கிறது, வருடங்கள் எடுக்கும். பெட்டகம் ஊர் கையில் இருக்கிறது.

மருத்துவ மாணவர்கள் இந்த ஆய்வைக் கடலூரிலோ புதுச்சேரியிலோ திரும்பச் செய்யலாமா?

செய்ய வேண்டும். நிறுவன நெறிமுறைக் குழு ஒப்புதல், தொடங்கும் முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு, பங்கேற்பவர்களின் ஒப்புதல், இவற்றோடு ஊராட்சியின் ஒப்புதலும் வேண்டும். மனநோய் உள்ளவரை நேர்காணல் செய்வதாக இருந்தால் 2017 சட்டத்தின் 99-வது பிரிவுப்படி அவருடைய சுதந்திரமான சம்மதம் கட்டாயம். கணக்கெடுப்பில் ஆபத்தில் இருக்கும் ஒருவரைக் கண்டால் எழுதிக்கொண்டு வந்துவிட முடியாது; அன்றே யாரிடம் அனுப்புவது என்பது திட்ட அறிக்கையிலேயே இருக்க வேண்டும். ஒப்பீட்டு ஊர்களுக்கு ஆய்வு முடிந்ததும் பெட்டகம் கட்டித் தருவதற்கான பணத்தையும் முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள்.